ஒத்துப்போகாத ஒரு படிவம்

"இந்த ஒரு படிவத்தை எழுதின பொண்ணை நான் நேர்ல பாக்கணும்மா. அப்புறம்தான் உன் ஆய்வேட்டுல கையெழுத்து."

பேராசிரியர் சக்திகுமார் காரை வடக்குப்பட்டு பெண்கள் விடுதி வாசலில் நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷாலினுக்கு ஏசியிலும் வியர்த்தது. இன்று அவர் கையெழுத்துப் போடாவிட்டால் முனைவர் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

தெற்கத்திப் பெண்கள் ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வந்தபின் அவர்கள் பேச்சு எப்படி மாறுகிறது என்பதுதான் ஷாலினின் ஆய்வு. இருநூறு பேரிடம் படிவம், அதில் இருபது பேரிடம் பேட்டி.

அந்தப் படிவத்தை எழுதிய முத்துச்செல்வி யூனிஃபார்மும் ஈரத் தலையுமாக ஓடி வந்தாள்.

"வேலை நேரத்துல எந்த மொழியில பேசுவீங்கன்னு கேட்டதுக்கு ஏம்மா வெறும் கோடு போட்டிருக்கே?"

"லைன்ல பேசுனா சூப்பர்வைசர் பேரை எழுதிருவாரு சார்."

"சரி, இங்க வந்தப்புறம் உன் பேச்சு எவ்வளவு மாறியிருக்கு? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லு."

"வாயத் தொறந்தாத்தான சார் மாறுததுக்கு?"

"கனவு எந்த மொழியில வருது?"

"ஓ.டி. பாத்துட்டு வந்து விழுந்தா அலாரம்தான் சார் வருது. கனவு எங்க வருது?"

பேராசிரியர் ஷாலின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? மத்த எல்லாரும் ஒப்புதல் தாள் மூணு பக்கத்தையும் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டதா டிக் அடிச்சிருக்காங்க. இவ மட்டும் 'பஸ் வந்துட்டு, படிக்கல'ன்னு எழுதியிருக்கா!"

"பஸ் வந்துட்டுல்லா சார்!" என்றாள் முத்துச்செல்வி. தெருமுனையில் ஹாரன் அலறியது. "இந்தா, இப்பவும் வந்துட்டு!" ஓடியே போய்விட்டாள்.

"சார், அவ சொல்றது உண்மையாத்தான் இருக்கும்..." ஷாலின் இழுத்தாள்.

"எதும்மா உண்மை? நூத்துத் தொண்ணூத்தொம்பது பேர் வேலையில சிரிச்சுப் பேசறோம்ங்கறாங்க. கனவு தாய்மொழியில வருதுங்கறாங்க. கணக்கும் பேட்டியும் கைகோத்துக்கிட்டு நடக்குது! அத்தனை பேரும் பொய்யி, இவ ஒருத்தி மட்டும் அரிச்சந்திரனா? அறையிலேயே உக்காந்து இந்தப் படிவத்தை நீயா எழுதிட்டியோன்னு சந்தேகப்பட்டுத்தான் வந்தேன். ஆள் இருக்கா, பதில்தான் தேறல. ஆய்வுக்கு நேர்மை முக்கியம்மா."

முத்துச்செல்வியின் படிவத்தை நாலாகக் கிழித்தார். ஆய்வேட்டைக் கார் பானெட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஷாலினின் தலையில் கைவைத்து ஆசீர்வாதமும் செய்துவிட்டுக் கிளம்பினார்.

கார் மறைந்ததும் ஷாலின் போனை எடுத்து, குன்றத்தூர் அறையில் கூடத் தங்கியிருக்கும் ரஞ்சனியைக் கூப்பிட்டாள்.

"இன்னாடி சொன்னாரு உங்க சாரு?"

"போட்டுட்டாருடி! நீயும் நானும் ரூம்ல உக்காந்து பேனா மாத்தி மாத்தி எழுதினோமே, அந்த நூத்துத் தொண்ணூத்தொம்பதும் பாஸ். நிஜமா ஒரே ஒருத்திகிட்ட போய்க் கேட்டேன் பாரு, அதுதான் ஃபெயில்!"