அண்ணியின் வயிறு

"அண்ணா, உன் பொண்டாட்டி வயித்துல ஒண்ணுமே இல்ல!"

பரிசோதனைக்கூட டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, மேஜைமேல் கிடந்த ஃபோனைப் பார்த்துக் கத்தினாள்.

"குழாய் விட்டுக் கிள்ளி எடுத்த சதையை நல்லாப் பாத்தியா? ரெண்டு மாசமா சுருண்டு சுருண்டு படுத்துக்கிறாளே!" என்றான் அண்ணன்.

"இத்தனை வருஷமா வேற என்ன வேலை பாக்கிறேன்? மேல இருக்கிற சவ்வு வழவழன்னு இருக்கு. அதுல குழி குழியா, ஒவ்வொரு குழிக்கும் அடியில சுரப்பிங்க நெருக்கமா நிக்குது. அமிலம் சுரக்கிற செல்லெல்லாம் ரோஸ் நிறத்துல கொழுகொழுன்னு இருக்கு. ஒரு கீறல் இல்ல! இந்த வயித்துல கல்லைப் போட்டாலும் செரிக்கும்."

"அப்ப அந்த வலி?"

"படுத்த படுக்கையா இருக்கிற அம்மாவுக்குத் துணி அலசணுமே, அந்த வலி! நல்லா நடிக்கிறாங்க, நீயும் நம்புற."

டாக்டருக்கு மனசு லேசாகிவிட்டது. பின்னே? அண்ணி நிஜமாகவே படுத்துவிட்டால், அம்மாவைத் தன் வீட்டுக்கு அல்லவா கூட்டிவர வேண்டும்? ஒரு வாரமாக அந்த நினைப்புதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சதைத் துணுக்கு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடு மேஜைக்கு வரும்வரைகூடப் பொறுக்காமல், தானே போய்த் தட்டிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

"இரு, அவகிட்டயே ரெண்டு வார்த்தை கேக்கிறேன்," என்று அண்ணன் ஃபோனை அப்படியே வைத்துவிட்டுப் போனான். என்ன பதில் வருகிறதென்று கேட்க இவளும் காதைத் தீட்டிக்கொண்டாள்.

அப்போது டெக்னீஷியன் தட்டோடு உள்ளே வந்தார்.

"மேடம், அவசரத்துல சோதனை ஸ்லைடை எடுத்துட்டு வந்துட்டீங்களா? சாயம் சரியா ஏறியிருக்கான்னு பாக்க தினமும் முதல்ல வைப்போமே, வேற யாரோடயோ நல்ல வயிறு, அது. உங்க அண்ணியோடது இதோ, இப்பதான் காய்ஞ்சுது."

டாக்டர் ஸ்லைடை மாற்றினாள். குமிழைத் திருகினாள். மறுபடியும் திருகினாள். குழிகளும் இல்லை, சுரப்பிகளும் இல்லை. பார்த்த இடமெல்லாம் புற்றுநோய் அப்பிக் கிடந்தது.

"அண்ணா! அண்ணா!" என்று அலறினாள்.

ஃபோனுக்குள் எங்கோ தூரத்தில் அண்ணியின் குரல் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது: "நெசமாவே ஒண்ணும் இல்லையாமா? நான் செத்துடுவேனோன்னு பயந்துகிட்டே கெடந்தேங்க. இதோ எழுந்துட்டேன், அத்தையைக் குளிப்பாட்டிடறேன்... உங்க தங்கச்சி நல்லா இருக்கணும்!"