மசியாத சுருள்

"மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன், ஒரு சுருள்கூட நேராகலை! இது கிரீமா, சுண்ணாம்பா?"

டியூபை மேஜைமேல் வைத்தாள் வந்தவள். கல்யாணக் களை இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை. கிரீம் கம்பெனியின் கெமிஸ்ட் அதைச் சட்டென்று எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

முடியைத் தளர்த்தி நேராக்குகிற மருந்து அந்தக் கிரீமில் இருக்கிறது. கூடினால் தோலைப் புண்ணாக்கும். காற்றுப்பட்டால் வீரியம் போய்விடும். குறைந்த அளவே போதும் என்று புது மேனேஜரிடம் மல்லுக்கு நின்றவள் இந்தக் கெமிஸ்ட்தான். "இன்னொரு புகார் வரட்டும், மருந்தை ரெண்டு மடங்காக்கிடலாம். நீங்களும் வேற இடம் பார்த்துக்கலாம்" என்று நேற்றுத்தான் அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"உங்க முடி நேராத்தானேம்மா இருக்கு?"

"எனக்கில்லக்கா, என் வீட்டுக்காரருக்கு. முழிச்சிருந்தா தலையைத் தொடவே விடமாட்டார், கலைஞ்சிடுமாம். அசந்து தூங்கும்போது பின்னால ஒரு கத்தையில மட்டும் தடவினேன். நான் இங்க வந்தது அவருக்குத் தெரிய வேணாம்."

"மருந்து கெட்டுப்போச்சான்னு முதல்ல பார்த்துடலாம்."

கிரீமைத் தண்ணீரில் கரைத்து அயோடினைச் சொட்டினாள் கெமிஸ்ட். மருந்து கெட்டிருந்தால் பழுப்பு நிறம் அப்படியே நிற்கும். ஆனால் விழுந்த சொட்டெல்லாம் நிறமில்லாமல் மறைந்தது. போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

"கிரீம் நல்லாத்தான் இருக்கு! அப்ப முடியிலதான் ஏதோ..."

"அதையும் கொஞ்சம் வெட்டிக் கொண்டுவந்திருக்கேன்," என்று கைக்குட்டையைப் பிரித்தாள் வந்தவள்.

கெமிஸ்ட் ஓர் இழையை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினாள். முடி கருகும் நாற்றம் வரவில்லை. பிளாஸ்டிக் வாடை குப்பென்று அடித்தது. இழை உருகி ஒரு சின்ன மணியாகத் திரண்டது. பீறிட்ட சிரிப்பைப் பல்லைக் கடித்து அடக்கினாள். பாவம், புதுசாகக் கல்யாணமான பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது?

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. சில முடி அப்படித்தான், எந்தக் கிரீமுக்கும் மசியாது. அவருக்குச் சுருட்டைதான் அழகுன்னு விட்டுடுங்க."

சொல்லும்போதே மனசு லேசாகிவிட்டது. இனி எந்த மேனேஜர் கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

கதவு திறந்தது. உள்ளே வந்த மேனேஜர் ஆணியடித்தாற்போல் நின்றார்.

"ஐயையோ, மாட்டிக்கிட்டேன்! கோவிச்சுக்காதீங்க," என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் வந்தவள். "உங்க முடியை நேராக்கிப் பார்க்கலாம்னு ஒரு ஆசை, அவ்வளவுதாங்க!"

மேனேஜரின் பார்வை கைக்குட்டையிலிருந்த சுருள்களுக்குப் போய், இடுக்கியில் ஒட்டியிருந்த மணிக்குப் போய், கடைசியில் கெமிஸ்டின் முகத்தில் கெஞ்சலாக வந்து நின்றது.

"மருந்து... இப்ப இருக்கிற அளவே போதும்மா," என்றார், சுருட்டைத் தலையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."