கெட்டிமேளம் கொட்டாத முகூர்த்தம்

மாப்பிள்ளை ஊர்வலப் படகு கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வந்தபோது, பக்கத்திலேயே ஒரு கடற்பசு கன்று ஈன்றது. படகுத் திரையின் கடல் வரைபடத்தில் அந்த இடம் தடைப் பகுதியாகச் சிவந்தது. படகின் எஞ்சின் தானாக அணைந்தது.

மல்லிப்பட்டினக் கரையில் மணக்கோலத்தில் நின்ற நாகஜோதி கடற்பசுக் காப்பு எல்லை அலுவலகத்தைக் கைப்பேசியில் பிடித்தாள்.

"எப்பங்க விடுவீங்க?"

"மூணு நாளாகும்மா. படகு அசையக் கூடாது, சத்தமும் கூடாது."

"ஆளு நீந்தலாமா?"

"கன்னுக்குட்டிய விட்டு விலகி, மெதுவா நீந்துங்க."

முகூர்த்தத்துக்கு இருபது நிமிடமே இருந்தது. மாப்பிள்ளை பிரதீபன் திருச்சியில் ஏசி மெக்கானிக். தொட்டித் தண்ணீருக்கே பயப்படுகிறவன்.

"அடியே, மேக்கப்பு!" என்று அம்மா அலறுவதற்குள் நாகஜோதி பட்டுப்புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிட்டாள்.

கைகொடுத்து ஏற்றிய பிரதீபனுக்கு அவளைவிட மூச்சு வாங்கியது. "நான்தான் வந்திருக்கணும்" என்று கிசுகிசுத்தான்.

"பேசாம தாலியக் கட்டுங்க."

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை மடியில் கிடத்தினார். மூன்று முடிச்சும் விழுந்தபோது படகிலிருந்த நாற்பது உறவினர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்கள்.

அப்புறம்தான் நாகஜோதிக்கு உறைத்தது. கல்யாணமான முதல் மூன்று நாளும் இந்த நாற்பது பேரோடு இதே படகில்தான்! சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பிரதீபன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான்.