பேனா பிடிக்காத விரல்கள்

“நாளைக்குப் பரீட்சை, சிஸ்டர். தோத்தா ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. பேனாவே பிடிக்க முடியல.”

துயாராவின் விரல்கள் பத்தும் சிவந்து வீங்கியிருந்தன. கல்லூரி நர்ஸ் பெனெதிதா களிம்பு தடவினாள்.

“குளிர் பண்ண வேலை. போர்ச்சுகலுக்குப் புதுசா?”

“முதல் குளிர்காலம். கோட்டு, தொப்பி, மூணு சாக்ஸ் போட்டுத்தான் படுக்குறேன். அப்பவும் பல்லு தந்தியடிக்குது. வீட்டுக்காரம்மாகிட்ட ஹீட்டர் கேட்டா, வெந்நீர்ப் பையைக் கட்டிப்பிடிச்சுக்கச் சொல்றாங்க.”

“வெயில் ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான் அழுவீங்க. பழகிடும். எந்த ஊரு, பிலிப்பைன்ஸா?”

துயாரா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சொன்னாத்தானே சீட்டுல எழுத முடியும்?”

“சிரிக்கக் கூடாது.”

“சிரிக்கல, சொல்லு.”

“சைபீரியா. இன்னிக்கு அங்க மைனஸ் நாற்பத்தஞ்சு.”

எழுதிக்கொண்டிருந்த பெனெதிதாவின் கை நின்றது. “அடிப்பாவி! அங்க எப்படி உயிரோட இருந்தே?”

“அங்க குளிர் தெருவோட நின்னுடும், சிஸ்டர். வீட்டுக்குள்ள எங்கப்பா பனியனோட உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பாரு. நீங்கதான் குளிரை வீட்டுக்குள்ள கூப்பிட்டுக் குடிவெச்சிருக்கீங்க.”

பெனெதிதா குனிந்து, மேசைக்கடியில் தன் காலருகே எரிந்துகொண்டிருந்த சின்ன ஹீட்டரை அணைத்து எடுத்தாள்.

“இந்தா, கொண்டு போ. பரீட்சை முடிஞ்சதும் மறக்காமக் கொண்டாந்துடு. பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன், எனக்கே இன்னும் பழகல.”