யார் வரைஞ்சது?

"இது பகல் கொள்ளை சார்," என்று இந்த மாதம் கடைக்கு வந்திருந்த காமிக்ஸ் புத்தகத்தை லாஸ்கரின் மேஜைமேல் வீசினான் ஆல்டோ.

லாஸ்கர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நியூயார்க்கில் அந்த மாடி அறையைப் பிடித்து, ஓவியர்களை வரிசையாக உட்காரவைத்து, மாதாமாதம் பத்து சென்ட் காமிக்ஸ் தயாரிக்கிறவர் அவர். சாகசம், துப்பறிதல், சிரிப்பு எல்லாம் அந்த ஒரே அறையில்தான்.

"என்னப்பா கொள்ளை போச்சு?"

"என் பேரு. துப்பறியும் கதை முழுக்க நான் வரைஞ்சது. முதல் பக்கத்துல பாருங்க, உங்க கையெழுத்து."

"சாகசக் கதையிலயும் என் கையெழுத்துதான். சிரிப்புக் கதையிலயும் அதேதான். மத்தவங்கல்லாம் சும்மா இல்லையா?"

"அவங்களுக்கு ரோஷம் இல்ல. எனக்கு இருக்கு."

ஒருவன் கண் எரிய எரிய உட்கார்ந்து வரைவானாம். இன்னொருத்தர் கடைசியில் வந்து பேனாவால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவாராம். கேட்டால், எல்லாக் காமிக்ஸ் கம்பெனியிலும் இதுதான் வழக்கமாம். திருட்டுக்கு வழக்கம் என்று பேர் வைத்துவிட்டால் ஆயிற்றா?

பக்கத்து மேஜையில் வசனம் எழுதிக்கொண்டிருந்த நெட்டி வாயைத் திறந்தாள்.

"விடேன் ஆல்டோ. காமிக்ஸ் பிள்ளைங்களைக் கெடுக்குதுன்னு பேப்பர்ல கிழிகிழின்னு கிழிக்கிறாங்க. போன வாரம் ஒரு அம்மா குடையைத் தூக்கிக்கிட்டு அடிக்கவே வந்துச்சு. இந்த நேரத்துல பேர் வெளிய தெரியாம இருக்கிறதே நல்லது."

"நான் என்ன கோழையா? என் படத்துக்கு நான் பொறுப்பு. எவன் வந்து கேட்டாலும் நெஞ்சை நிமித்தி நான்தான்னு சொல்லுவேன். சார், அடுத்த மாசம் என் பேர் வரணும். இல்லன்னா இன்னியோட இந்த வேலைக்கு ஒரு முழுக்கு."

லாஸ்கர் பெருமூச்சு விட்டார். "சரி, யோசிக்கிறேன்" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, கதவு படாரென்று திறந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஆள் நின்றான். துறைமுகத்தில் மூட்டை இழுக்கிறவன் என்பதை இடுப்பில் தொங்கிய இரும்புக் கொக்கியே சொன்னது. கண்கள் சிவந்திருந்தன. முறுக்கிப் பிடித்த அதே காமிக்ஸ் புத்தகம் கையில்.

"இதை வரைஞ்சவன் எவன்?"

அத்தனை பேனாவும் நின்றன.

அவன் நேரே ஆல்டோவிடம் வந்தான். வாசலுக்குக் கிட்டத்தில் நின்றது ஆல்டோதான். துப்பறியும் கதையில் ஒரு பக்கத்தை மடித்து மூக்குக்கு நேரே நீட்டினான்.

"என் பையன் இந்தப் படத்தைப் பார்த்துட்டு, எரியிற வீட்டுக்குள்ள பூந்துட்டான். பத்து வயசுப் பையன். வரைஞ்ச கை எதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நீயா?"

ஆல்டோவின் பார்வை அந்தக் கொக்கியைவிட்டு நகரவில்லை.

"நா... நான் இல்லீங்க. நான் சும்மா, அடுத்தவங்க வரைஞ்ச கோட்டுக்கு மை நிரப்பற ஆளு. முதல் பக்கத்துல பேர் போட்டிருக்கு பாருங்க. அதோ, அவர்தான்."

விரல் லாஸ்கரைக் காட்டியது. நெட்டி அந்த விரலையே பார்த்தாள்.

லாஸ்கர் எழுந்தார். குள்ளமான மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பத்திரமாக மேஜையின் ஓரத்தில் வைத்தார்.

"என் கையெழுத்துதான். எதுவா இருந்தாலும் என்கிட்ட வெச்சுக்கோங்க. பசங்களை விட்டுடுங்க."

வந்தவன் இரண்டே எட்டில் அவரை நெருங்கிக் கைகளைத் தூக்கினான். லாஸ்கர் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்.

அடி விழவில்லை. அந்த முரட்டு ஆள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"கைக்குழந்தை உள்ள தூங்கிட்டிருந்தா சார். நான் துறைமுகத்துல, அவ அம்மா கடைக்குப் போயிருந்தா. இவன் துண்டை நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு, தரையோட தரையா தவழ்ந்து போய்த் தங்கச்சியை இழுத்துட்டு வந்துட்டான். புகை மேலதான் நிக்குமாம், தரையில மூச்சு விடலாமாம். யாருடா சொல்லிக்குடுத்தான்னு கேட்டா இந்தப் பக்கத்தைக் காட்டறான். ரெண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்ல சார்."

அந்தப் பக்கத்துக்காக இந்த அறையில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. துப்பறிகிறவன் தவழ்ந்தால் எவன் மதிப்பான், நிமிர்ந்து ஓடவிடு என்று லாஸ்கர் கத்தியிருக்கிறார். நெருப்பில் நிமிர்ந்து ஓடினால் செத்துப்போவான் என்று ஒரு கோட்டைக்கூட மாற்ற மறுத்தவன் ஆல்டோ.

லாஸ்கர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். ஆல்டோவைப் பார்த்தார். சொல்ல வேண்டியவன் அவன்தானே.

ஆல்டோ வாயைத் திறந்தான். மை நிரப்புகிறவன் என்று சொன்ன அதே வாய். ஒன்றும் வரவில்லை.

வந்தவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். போகிறபோது ஆல்டோவின் தோளில் அன்பாகத் தட்டினான்.

"உன்னைக் கொஞ்சம் மிரட்டிட்டேன், மனசுல வெச்சுக்காத தம்பி. இவரை விட்டு எங்கயும் போயிடாத. மை நிரப்பறதோட நிக்காம, இவர் மாதிரி வரையக் கத்துக்கோ."