திருடன் நினைக்காத எண்

இரண்டு முறை தவறாகிவிட்டது. மூன்றாவது முறையும் தவறினால் ஏடிஎம் அட்டையை விழுங்கிவிடும்.

ரிஃபாத்துக்கு வியர்த்துக் கொட்டியது. முந்தின நாள்தான் ஒரு கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். மற்றக் கண்ணிலும் புரை. அதில் எல்லாம் புகைமூட்டம். போதாக்குறைக்கு விசைகளை மடித்த செய்தித்தாளால் மூடிக்கொண்டு, அதற்கடியில் தடவித் தடவி அழுத்தியிருந்தார். பின்னால் நிற்பவன் எண்ணைப் பார்த்துவிடக் கூடாதாம்.

தெருவுக்கு எதிர்ப்புறம் மருத்துவமனை. அவருடைய மகள் நெஸ்மா பிரசவ வலியோடு அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்பணம் ரொக்கமாக வந்தால்தான் படுக்கை என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை குவைத்தில். என் கணக்கில் இருந்தது பாதிக்குத்தான் காணும். அதை எடுத்துத் தரத்தான் நானும் கூட வந்திருந்தேன்.

"நம்பரச் சொல்லுப்பா, நான் அழுத்துறேன்" என்றேன்.

"என் வீட்டுச் சாவியக் கேளு, தர்றேன். நம்பர மட்டும் கேக்காத, ஷஹாத்தா."

எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருடச் சிநேகிதம். கெய்ரோவின் ஷுப்ராவில் ஒரே தேநீர்க்கடை, ஒரே மேசை. கால்பந்தில் அவர் ஜமாலிக் அணிக்காரர், நான் அஹ்லி. எங்கள் சட்டை சிவப்பு என்பதற்காகச் செம்பருத்தித் தேநீரைக்கூடத் தொடாத மனிதர் அவர். நெஸ்மாவைப் பெண் கேட்டு முதலில் வந்த பையன் அஹ்லி ரசிகன் என்று தெரிந்ததும், வந்தவர்களுக்குத் தண்ணீரோடு விடை கொடுத்தார். ஆனால் சண்டையெல்லாம் பந்தோடு சரி. பணத்தில் எங்களுக்குள் ஒளிவுமறைவே இருந்ததில்லை.

அட்டைகளின் பாதுகாப்பைப் பற்றித் தேநீர்க்கடைக்கே பாடம் எடுத்தவரும் அவர்தான்.

போன வருடம் கடையில் பரிமாறும் ஹனஃபியின் பர்ஸை ஒருவன் டிராமில் அடித்துக்கொண்டு போனான். பர்ஸில் அட்டையோடு அஹ்லியின் சிவப்புக் கழுகுப் படம் போட்ட சாவிக்கொத்தும் இருந்தது. அது போதாதா? அஹ்லி தொடங்கிய வருடம் 1907. திருடன் அதையே அழுத்தி, இருந்த பணத்தை வழித்து எடுத்துவிட்டான். கெய்ரோவில் பாதிப் பேருக்கு ரகசிய எண் 1907, மீதிப் பேருக்கு ஜமாலிக் தொடங்கிய 1911 என்பது திருடர்களுக்கும் தெரியும்.

அன்று ரிஃபாத் மேசைமேசையாக வந்து எங்களைக் காய்ச்சினார். நம்முடைய எண் திருடன் கனவிலும் நினைக்காததாக இருக்க வேண்டும், பெற்ற பிள்ளைக்கும் அதைச் சொல்லக் கூடாது, எவனாவது போனில் கேட்டால் போனை வை, அன்னியன் கையில் அட்டையைக் கொடுக்காதே என்றார். நாங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டினோம். பலர் எண்ணை மாற்றவும் செய்தோம்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது என் காதோடு கிசுகிசுத்தார். வரிசையில் முன்பின் தெரியாத ஆள் யாராவது இருந்தால் கூப்பிடச் சொன்னார்.

எதிரே மகள் வலியில் துடிக்கிறாள். இவருக்கு நாற்பது வருடச் சிநேகிதன் ஆகவில்லை, வழிப்போக்கர் வேண்டும். கோபத்தை விழுங்கிக்கொண்டு வரிசையைப் பார்த்தேன். கையில் கீரைப் பையோடு கறுப்பு அங்கி போட்ட ஒரு தடித்த அம்மாள் நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட்டேன்.

ரிஃபாத் என்னை நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு அந்த அம்மாளின் காதருகே குனிந்து எதையோ முணுமுணுத்தார். அவள் கீரைப் பையை இடுக்கிக்கொண்டு நிதானமாக நாலு விசைகளை அழுத்தினாள்.

இயந்திரம் கடகடவென்று எண்ணியது. பணம் வந்தது.

அப்பாடா என்று இருந்தது. நெஸ்மாவுக்குப் பாதி வழி திறந்துவிட்டது.

அந்த அம்மாள் பணத்தையும் அட்டையையும் அவர் கையில் வைத்து அழுத்தினாள். ஒரு காசு குறையவில்லை. கண் கட்டியவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"என் பெரியவனும் இதே நம்பர்தான் வச்சிருக்கான், ஹாஜி. நீங்களும் நம்ம அஹ்லியா? கவலப்படாதீங்க, இன்னிக்கு ராத்திரி ஆட்டத்துல நாமதான் ஜெயிப்போம்."

வரிசையில் யாரோ சிவப்புச் சட்டைக்காரன் கை தட்டினான்.

ரிஃபாத்தின் கட்டுக்கு வெளியே தெரிந்த முகம் முழுவதும் செம்பருத்தித் தேநீரின் நிறம். பணத்தை எண்ணிப் பார்க்காமல் சட்டைக்குள் செருகினார். எண்ணாமல் வைக்காதே என்பதும் அவருடைய பாடங்களில் ஒன்று.

"திருடனுங்க என்னப் பாத்தா 1911னுதானே நெனைப்பானுங்க" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "கடையில சொல்லிடாதடா."

அவர் என்னை 'டா' போட்டுக் கெஞ்சியது அதுவே முதல் தடவை. ஆயுசு முழுக்க வைத்துக் கலாய்க்கலாம். மேசைக்கு மேசை தேநீர் இலவசமாகக் கிடைக்கும். நான் சிரிக்கக்கூட இல்லை. சொல்லமாட்டேன் என்று அவர் தோளைத் தட்டினேன். என் பெருந்தன்மையில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மீதிப் பணத்துக்கு என் முறை வந்தது. அட்டையைச் செருகினேன்.

புகைமூட்டம்தான் என்றாலும் திறந்திருக்கிற கண்ணை நம்ப முடியாது. அவர் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி, அவர் கற்றுக்கொடுத்தபடியே விசைகளை நன்றாக மூடிக்கொண்டேன்.

ஒன்று. ஒன்பது. ஒன்று. ஒன்று.