சித்தி கம்பெனியின் முதல் ஆள்

"அவளா? வேண்டவே வேண்டாம்மா. நேரத்துக்கு வர மாட்டா. வந்தா எதையாவது உடைப்பா. கையும் அவ்வளவு சுத்தமில்லை. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டரம்மா போனை வைத்துவிட்டார். அவர் சொன்னது சித்தி வீட்டுக் கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது.

எதிர் நாற்காலியில் கண்ணாடி அக்கா. டாக்டரம்மா வீட்டில் ஆறு வருஷமாகப் பெருக்கித் துடைக்கிறவள். அவள் துடைத்த ஜன்னலில் கண்ணாடி இருக்கிறதா என்பதை மூக்கை இடித்துக்கொண்டுதான் தெரிந்துகொள்ள முடியும். அதனால் அந்தப் பெயர். "நல்லதாத்தானே சொல்லப்போறாங்க, நீயும் கேளும்மா" என்று ஸ்பீக்கரைப் போட்டதே சித்திதான்.

"நான் வர்றேங்க்கா" என்று அவள் எழுந்தாள்.

"உட்காரும்மா" என்றாள் சித்தி. காற்றுப் போன குரல்.

காலையில் இதே சித்தி தரையில் கால் படாமல் நடந்துகொண்டிருந்தாள். வீடு சுத்தம் செய்யும் கம்பெனி ஆரம்பிக்கிறாள்; கண்ணாடி அக்காதான் அதற்கு முதல் ஆள். மூன்று மாதம் அலைந்து, பெயரைப் பதிவு செய்து, உரிமம் வாங்கி, அதை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியாயிற்று. திங்கட்கிழமை முதல் வேலை, ஒரே குடியிருப்பில் நாலு வீடு. அந்தக் குடியிருப்பின் செயலாளர் செருமிச் செருமிப் பேசுவார். "எங்க பொருள்... க்கும்... உடைஞ்சா யாரு பொறுப்பு? இன்ஷூரன்ஸ் பேப்பர் இல்லாம... க்கும்... படி ஏறாதீங்க."

இன்ஷூரன்ஸ்காரர் மூக்கால் பேசுகிற ரகம். "ரூல்ஸ் மேடம். வேலைக்கு எடுக்கறவங்களைப் பத்திப் பழைய இடத்துல விசாரிச்சு, நம்பகமான ஆள்னு நீங்க கையெழுத்துப் போடணும் மேடம். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மேடம்."

மணி நாலரை.

"சித்தி, போனைக் குடு. உன்னோடது வேண்டாம், சித்தப்பாவோடது" என்றேன் நான்.

"எதுக்குடி வாலு?"

தொண்டையைக் கரகரப்பாக்கி, எழுபது வயசுக் கிழவரை வரவழைத்துக்கொண்டு, டாக்டரம்மா நம்பரை அழுத்தி ஸ்பீக்கரைப் போட்டேன்.

"வணக்கம்மா. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பற ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க வீட்ல இருக்கிற அம்மா சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். இன்னைக்கே நிறுத்திடுங்க. நாளைக்குக் காலைல புது ஆள் உங்க வாசல்ல நிக்கும்."

"யாருய்யா அப்படிச் சொன்னது?" டாக்டரம்மா பதறினார். "அவளை மாதிரி ஆள் வலை வீசித் தேடினாலும் கிடைக்காது. எங்க வீட்டுச் சாவியே அவகிட்டதான் இருக்கு. ஆறு வருஷத்துல ஒரு ஸ்பூன் காணாமப் போனதில்லை."

"அப்படிங்களா. அவ்வளவு நல்ல ஆள்னா வேற யாராவது கூப்பிட்டிருப்பாங்களே?"

"கூப்பிடாம என்ன? போன வருஷம் ஒரு ஹோட்டல்லேர்ந்து விசாரிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஸ்கூல்லேர்ந்து. ரெண்டு வார்த்தை சொல்லி வெச்சேன். அதோட விட்டுட்டாங்க."

போனை வைத்தேன். எழுபது வயசு தானாக இறங்கிப் போயிற்று.

கண்ணாடி அக்கா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஹோட்டல்ல யூனிஃபார்முக்கு அளவுகூட எடுத்தாங்க. அப்புறம் கூப்பிடவே இல்லை. என்கிட்ட என்ன குறைன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

சித்திக்கு வந்ததே கோபம்.

"இப்படியும் ஒரு மனுஷி உண்டா? ஒருத்தி நாலு இடம் போய் முன்னுக்கு வந்துடக் கூடாதுன்னு கதவை வெளியிலேர்ந்து பூட்டறதா? இவங்க என்ன இவளை விலைக்கா வாங்கியிருக்காங்க?"

கேட்டுக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பேப்பர் கிழியாதது அதிசயம்.

படம் எடுத்து அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் மூக்குக் குரல் வந்துவிட்டது. "ஓகே மேடம். திங்கட்கிழமைலேர்ந்து செல்லும் மேடம்."

வீடு ரெண்டுபட்டது. மூலையில் கிடந்த புது வாளிகளும் மாப்களும் கூடத்தின் நடுவே வந்தன. பாத்ரூமுக்குச் சிவப்புத் துணி, சமையலறைக்குப் பச்சைத் துணி, மாறவே கூடாது என்று சித்தி சொல்ல, "பிளீச்சையும் ஆசிட்டையும் ஒரே வாளியில ஊத்திடாதீங்கக்கா, புகை மூச்சை அடைச்சிடும்" என்று கண்ணாடி அக்கா சொல்ல, யார் யாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றே தெரியவில்லை. சித்தப்பா தன் பங்குக்கு மாப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு ராணுவ நடை நடந்து, சித்தியிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார்.

அக்கா கம்பெனிச் சட்டையை அளவு பார்க்க உள்ளறைக்குப் போனாள்.

"வாலு, உட்காரு. வேலை ஒப்பந்தத்தை டைப் அடி. எல்லாம் எழுத்துல இருக்கணும்." சித்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலாளி நடை நடந்தாள். "வாரம் ஒரு நாள் லீவு. அடிச்சியா? சட்டை, கையுறை நம்ம செலவு. வேலை நேரத்துல அடிபட்டா வைத்தியம் நம்ம பொறுப்பு."

தங்கமான சித்தி. என் விரல்கள் பறந்தன.

"கடைசியா ஒண்ணு." உள்ளறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சித்தி என் காதருகே குனிந்தாள். "இங்கேர்ந்து நின்னா, ரெண்டு வருஷத்துக்கு வேற எங்கேயும் சுத்தம் செய்யற வேலைக்குச் சேரக் கூடாது. அதை மட்டும் கொஞ்சம் சின்ன எழுத்துல போடு."